கம்பெனி சரக்கைக் கழித்துவிட்டால்

மண்டபம், பாம்பன், தொண்டி, மூக்கையூர் என்று எந்தக் கரையை எடுத்தாலும், இறால், நண்டு வாங்கும் ஏற்றுமதிக் கம்பெனியின் டிப்போவில் ஒரு லோடு தரமில்லை என்று கழிந்து திரும்பிவிட்டால் மூன்று காரணம்தான் காதில் விழும். ரேட் இறங்கிப்போச்சு, அதான் கழிக்கிறான். செக்கருக்கு ஏதோ வேணும். நம்ம நேரம் சரியில்ல. முதல் காரணம் சில நாள் உண்மையாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு, பின்னால் வருகிறது. ஆனால் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்புகிறவருக்குப் பணமும் போகிறது, ஏன் போனது என்ற தகவலும் கைக்கு வருவதில்லை. அந்தத் தகவல் டிப்போவில் சரக்கின் தரம் பார்க்கும் செக்கரிடம்தான் இருக்கிறது. அவர் அதை உங்களிடம் சொல்வாரா மாட்டாரா என்பது அன்றைக்கு நீங்கள் போடும் சத்தத்தைப் பொறுத்ததல்ல, அதற்கு முந்தைய இரண்டு மாதம் அவரோடு எப்படிப் பழகினீர்கள் என்பதைப் பொறுத்தது.

வல்லம் என்கிற நாட்டுப்படகிலும் விசைப்படகிலும் இறால், கணவாய், நண்டு எடுத்துக் கம்பெனிக்குக் கொடுக்கிற சிறு வியாபாரிகளையும், சேர்ந்து கொள்முதல் செய்கிற மகளிர் குழுக்களையும் மனதில் வைத்து எழுதியது இது. நாளுக்கு 30 கிலோ முதல் 200 கிலோ வரை கைமாற்றுகிறவர்களுக்குப் பொருந்தும்.

செக்கரின் கை எங்கே போகிறது

செக்கர் எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். அவர் கையெழுத்துப் போட்டு உள்ளே விட்ட இறால் மறுநாள் ஆலையில் தரம் பிரிக்கும்போது கறுத்துக் கிடந்தால் கேள்வி அவருக்குத்தான் வரும். கண்டெய்னர் வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றுபோனால், லாட் எண்ணைப் பிடித்துக்கொண்டு தேதி, டிப்போ, வியாபாரி என்று பின்னோக்கி வருவார்கள். உங்கள் 40 கிலோவை எடுப்பதால் அவருக்குச் சம்பளம் கூடப்போவதில்லை. தப்பான 40 கிலோவை எடுத்தால் வேலையே போகலாம். சந்தேகம் வந்தால் கழிக்கத்தான் செய்வார். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இருப்பதுதான் உங்கள் வேலை.

அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை ஒரு நாள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். கூடையின் மேலே இருப்பதை எடுக்க மாட்டார். கையை அடிவரை விட்டு மூலையிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். ஓர் இறாலைத் தலையும் உடலும் சேரும் இடத்தில் பிடித்து லேசாக மடக்குவார். அந்தச் சவ்வு தொய்ந்து தலை ஆடினால் முகம் மாறும். தலையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை மோந்து பார்ப்பார். வாலை விரித்து விசிறியின் ஓரம் கறுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். இதே வரிசையில், இதே அடிமூலையில், கரையில் சரக்கு வாங்கும்போதே நீங்களும் பாருங்கள். மேல் அடுக்கைப் பார்த்து வாங்கி அடி அடுக்கில் கழிபடுவது இந்தத் தொழிலில் தினமும் நடக்கிற கூத்து.

செக்கரோடு நல்லபடி இருக்க வீட்டுக்கு இரண்டு கிலோ கணவாய் கொடுத்தனுப்புவது பலர் செய்வது. வேண்டாம். ஒழுக்கம் ஒருபக்கம் இருக்கட்டும், கணக்குப் பார்த்தாலே நட்டம். அவர் உங்களுக்கு விட்டுக்கொடுத்து எடுத்த சரக்கு உள்ளே போய்க் கெட்டால், அடுத்த வாரம் முதல் உங்கள் லோடைத்தான் எல்லாருக்கும் முன்னால் கடுமையாகப் பார்ப்பார், தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள. ஆள் மாறி வந்தால் புதியவரிடம் நீங்கள் கணவாய் கொடுக்கிற ஆள் என்ற பேச்சு முதலில் போய்ச் சேரும்.

அதற்குப் பதிலாகக் குறையை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். "சார், மொத்தம் நாலு கூடை. மூணு இன்னைக்கு விடியக்காலம் எறக்குனது. இந்த ஒண்ணு நேத்து சாயங்காலச் சரக்கு, ஆறு கிலோ, தனியா வச்சிருக்கேன், பாத்துட்டுச் சொல்லுங்க." அந்த ஆறு கிலோவுக்குக் குறைந்த ரேட் வரும், அல்லது கழியும். மற்ற மூன்று கூடைக்கும் அவர் கை அடிமூலைக்குப் போகிற வேகம் குறையும். கலந்து வைத்து மாட்டினால் நாலு கூடையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இப்படி ஐந்தாறு தடவை சொன்னது சொன்னபடி இருந்துவிட்டால், ஏழாவது தடவை உண்மையிலேயே தெரியாமல் ஒரு குறை நேரும்போது உங்கள் பேச்சை அவர் நம்புவார்.

கிளம்பும் முன் ஒரு போன். நீட்டி முழக்க வேண்டாம்: என்ன ரகம், எத்தனை கிலோ, எப்போது இறக்கியது, எத்தனை மணிக்கு வரும். வண்டி தாமதமானால் தாமதமான பிறகல்ல, தாமதமாகும் என்று தெரிந்த உடனே இரண்டாவது போன். டிப்போவில் ஐஸும் ஆளும் அந்தக் கணக்கில்தான் ஒதுக்குகிறார்கள்.

கூப்பிடும் முறை சின்ன விஷயம்தான், ஆனால் இங்கே அதில்தான் பாதி மனத்தாங்கல். செக்கர் பெரும்பாலும் படித்துவிட்டு வெளியூரிலிருந்து வந்த இளைஞர். சரக்கு கொண்டுவருகிறவர் அவர் அம்மா வயது அக்காவாக இருப்பார். டீக்கடையில் "தம்பி" என்பது அன்பு. டிப்போவுக்குள், மற்ற வியாபாரிகள் நிற்கும்போது, அதே "தம்பி" அவரை இறக்கிப் பேசுவது போலக் கேட்கும். உள்ளே "சார்" என்று சொல்லிவிடுங்கள். தொண்டி, கீழக்கரைப் பக்கம் முதலாளியை "பாய்" என்று கூப்பிடுவது வழக்கம் என்றாலும், கணக்குப் பிள்ளையிடம் அது எடுபடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசில் நிற்கிறவரோடு ஒரே ஒரு விஷயத்தைத்தான் முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டும்: எடைக்கு முன் எத்தனை நிமிடம் தண்ணீர் வடிப்பது. இரண்டு நிமிடமா ஐந்து நிமிடமா என்பதில் 40 கிலோவுக்கு ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் வந்துவிடும். சண்டை பெரும்பாலும் தராசைப் பற்றியதல்ல, இந்த நிமிடத்தைப் பற்றியது. மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும்; முத்திரைத் தேதியைப் பார்ப்பது உங்கள் உரிமை, அதைக் குரலை உயர்த்தாமல் கேட்கலாம். ஐஸ் கம்பெனிக்காரரிடமும் வேன் டிரைவரிடமும் பாக்கி வைக்காமல் இருந்தால் போதும். சரக்கு குவிகிற நாளில் ஐஸ் பார் யாருக்கு முதலில் கிடைக்கிறது என்பதை அந்தப் பாக்கிதான் முடிவு செய்யும்.

அரைத் தாளில் எழுதி வாங்குங்கள்

"நல்ல சரக்கா கொண்டு வாங்க" என்பது நிபந்தனை ஆகாது. கம்பெனியோடு தொடங்கும்போதே, அல்லது சீசன் மாறும்போது, அரைத் தாளில் இவற்றை எழுதி வாங்குங்கள்: ரகம் வாரியாகக் கவுண்ட், அதாவது ஒரு கிலோவில் எத்தனை முதல் எத்தனை வரை, தலையோடா, தலை நீக்கியா, கரும்புள்ளி நூற்றுக்கு எத்தனை வரை பொறுப்பார்கள், உள்வெப்பம் எத்தனை டிகிரி (பெரும்பாலும் 4 டிகிரிக்குக் கீழே கேட்பார்கள்), கறுக்காமல் இருக்கப் போடும் எந்த மருந்துக்கு அனுமதி, கடைசி வரவு நேரம், தண்ணீர் வடிக்கும் நிமிடம், பணம் எந்தக் கிழமை. கையெழுத்துப் போடத் தயங்கினால் நீங்களே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "இது சரிதானே சார்" என்று கேளுங்கள். "சரி" என்று ஒரு பதில் வந்தாலே பின்னால் பேசப் பிடி கிடைத்துவிடும்.

படகு விவரமும் இந்தத் தாளில் சேர வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகும் கடல் பிடிப்புக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். அதற்குப் படகின் பதிவு எண், பிடித்த தேதி, இறக்கிய இடம் தேவை. இரண்டு வல்லத்துச் சரக்கைக் கலந்துவிட்டு எண்ணைச் சொல்ல முடியாமல் நிற்பதும் ஒரு கழிவுதான், சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

இன்னொன்று. கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. தெரியாமல் கூடையில் ஒன்று வந்துவிட்டால்கூட அது கழிவோடு முடியாது, வழக்காகலாம். கரையிலேயே கூடையைக் கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஐஸ் கணக்கு

ராமநாதபுரக் கரையில் கழிவுக்கு முதல் காரணம் ஐஸ்தான். ஒன்றுக்கு ஒன்று, ஒரு கிலோ சரக்குக்கு ஒரு கிலோ ஐஸ் என்று எல்லாருக்கும் தெரியும்; ஏன் என்று தெரியாததால் ஒன்றுக்கு அரைதான் போடுகிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறக்குறைய 80 கிலோ கலோரி வெப்பத்தை இழுக்கும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ இறாலை 0 டிகிரிக்குக் கொண்டுவர 27 கிலோ கலோரி வரை வேண்டும். 40 கிலோ இறாலுக்கு 13, 14 கிலோ ஐஸ் வெறுமனே குளிர வைப்பதற்கே உருகிப்போகும். பெட்டியின் சூடு, வெயிலில் நிற்கும் வேன், அடிக்கடி திறக்கும் மூடி எல்லாவற்றுக்கும் மீதி ஐஸ் ஈடுகொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தூத்துக்குடி வரை போகிற லோடு என்றால் ஒன்றுக்கு ஒன்றும் பத்தாது.

ஐந்து டிகிரி பரவாயில்லை என்ற நினைப்பும் தப்பு. 0 டிகிரியில் மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால், 5 டிகிரியில் அது இரண்டு மடங்குக்கும் மேல், 10 டிகிரியில் நாலு மடங்கு.

அடுக்கும் முறை: அடியில் ஒரு கை ஆழத்துக்கு ஐஸ், மேலே நாலு விரல் கனத்துக்குச் சரக்கு, மறுபடி ஐஸ், கடைசியில் மேலே கனமாக ஐஸ். ஐஸ் பாரை நன்றாக உடையுங்கள். பெரிய கட்டி இறாலின் தலையை நசுக்கும், கட்டிக்கும் சரக்குக்கும் நடுவில் காற்றும் நிற்கும். பெட்டியின் அடியில் துளை திறந்திருக்க வேண்டும். உருகிய நீர் அடியில் தேங்கினால் அங்கேதான் முதலில் வாடை பிறக்கும், செக்கரின் கையும் அங்கேதான் போகும். கணவாய்க்கு மட்டும் வேறு வழி: ஐஸ் தண்ணீர் நேராகப் படாமல் பாலித்தீன் பையில் போட்டு, பையைச் சுற்றி ஐஸ். நல்ல தண்ணீரில் ஊறினால் கணவாய் வெளுத்து, எடை ஏறி, சதை தளர்ந்துவிடும். சிலர் அந்த எடைக்காகவே ஊறவைக்கிறார்கள். கம்பெனிக்குப் புதிதாக வந்த செக்கருக்குக்கூட இது தெரியும்.

குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் விட்டால் 0 காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அந்த வித்தியாசத்தைக் கழித்துப் படியுங்கள். செக்கரின் கருவியும் உங்கள் கருவியும் ஒரே எண்ணைக் காட்டும்போது வாக்குவாதம் பாதி குறையும்.

கழித்த அந்த ஒரு மணி நேரம்

முதல் வேலை பேச்சல்ல. கழித்த கூடைக்கு ஐஸ் போடுங்கள். நியாயம் கேட்டு முடிப்பதற்குள் நல்ல சரக்கும் கெட்டுவிடும்.

பிறகு நாலு கேள்வி, இந்த வரிசையில்:

"எந்தக் கூடை சார், எத்தனை கிலோ?"
"என்ன குறைன்னு ஒண்ணை எடுத்துக் காட்டுங்க."
"இது படகுலயே வந்ததா, ஐஸ்ல வந்ததா, வண்டியில வந்ததா? உங்களுக்கு என்ன தோணுது?"
"அடுத்த லோடுல எதை மாத்துனா எடுப்பீங்க?"

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அவர் கைக்கு நாள்தோறும் இருபது பேர் சரக்கு வருகிறது; ஐஸ் குறைந்ததற்கும் வலையில் நேரம் கிடந்ததற்கும் உள்ள வித்தியாசம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கருத்துக் கேட்டால் பெரும்பாலானோர் சொல்வார்கள். "ஏன் கழிச்சீங்க" என்று கேட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார்கள்.

இந்த நாலு கேள்வி முடிகிறவரை ரேட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. விலையும் தரமும் ஒரே மூச்சில் வந்தால் தரத்தைப் பற்றிய உண்மை வெளியே வராது. "போன வாரம் அவன் சரக்கை எடுத்தீங்களே" என்று இன்னொருவரை இழுப்பதும் வேண்டாம். அந்த இன்னொருவர் நாளைக்கு உங்களுக்கு ஐஸ் கடன் கொடுக்க வேண்டிய ஆள்.

குறை உள்ள நாலைந்து உருப்படியை ஒரு சின்னப் பையில் ஐஸோடு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்தால் பக்கத்தில் தெர்மாமீட்டரும் தெரியட்டும். இவை கம்பெனியோடு சண்டை போட அல்ல, கரைக்குத் திரும்பியதும் படகுக்காரரான சம்மாட்டியிடம் காட்ட.

இப்போது ரேட் கழிவை, அதாவது விலை இறங்கியதால் கழிப்பதை, கண்டுபிடிக்கும் வழி. குறை உள்ள உருப்படியைக் காட்டச் சொன்னால் காட்டாமல் "மொத்தமாவே சரியில்ல" என்பார்கள். அடுத்த நிமிடமே, தரம் பிரிக்காமல், அதே கூடையைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள். கெட்ட சரக்கென்றால் பாதி விலைக்கும் ஆகாதே. உண்மையான தரக் குறைப்பில் அதை என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் விலை சொல்வார்கள்: தலையை எடுத்து உரித்துப் போடுவோம், சதையில் கறை ஏறவில்லை, அதற்கு இந்த ரேட் என்று. அன்று சந்தையில் வரத்து எப்படி என்பதையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அப்போது வல்லத்துச் சரக்குதான், கம்பெனிகள் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும். தடை முடிந்து படகுகள் இறங்கிய முதல் வாரம் இறால் குவியும்போது அதே செக்கர் அதே அளவுகோலைக் கடைசி மில்லிமீட்டர் வரை பார்ப்பார். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை இருப்பதால், எந்த நாளில் வரத்துக் கூடும் என்பது முன்னமே தெரியும். ரேட் கழிவு என்று உறுதியானால் அன்றைக்கு விலை பேசுங்கள், மனதில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதைத் தரப் பாடமாக எடுத்துக்கொண்டு படகுக்காரரிடம் போய்ப் பேசினால்தான் தப்பு.

கழிந்ததை எங்கே விற்பது? கவுண்ட் பொருந்தாதது, கால் உடைந்தது, லேசாகத் தலை கறுத்தது எல்லாம் உள்ளூர்ச் சந்தைக்குப் போகலாம். கரும்புள்ளி என்பது நிற மாற்றம், கெட்டுப்போனதல்ல. வாடை வந்தது போகக் கூடாது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை வெயிலில் கிடந்திருந்தால் வாடை வருவதற்கு முன்பே ஹிஸ்டமின் என்ற நச்சு சேர்ந்துவிடும். சமைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து தடித்துத் தலைவலியோடு ஆளைப் படுக்கப்போடும். உப்புப் போட்டுக் கருவாடாக்கினாலும் அது அப்படியே இருக்கும்.

குறையை வைத்து இடத்தைப் பிடிப்பது

தலை கறுப்பு: இறாலின் உடம்பில் இருக்கும் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து கறுக்கவைக்கிறது. வலையிலிருந்து எடுத்ததும் ஐஸ் படாமல் படகுத் தட்டில் கிடந்த நேரம்தான் காரணம். அடி அடுக்கில் மட்டும் கறுத்திருந்தால் முதலில் வந்த சரக்கை அடியில் போட்டு ஐஸ் பிறகு போட்டிருக்கிறார்கள். கம்பெனி அனுமதித்தால் மெட்டாபைசல்பைட் கரைசல் உதவும்: 10 லிட்டர் தண்ணீருக்கு 125 கிராம், ஒரு நிமிடம் முக்கி எடுத்து அலச வேண்டும். கறுத்த பிறகு முக்கினால் வெளுக்காது. பொடியை ஐஸ் மேல் தூவுவது இங்கே பரவலான பழக்கம், இதைவிடக் கெட்டது இல்லை: ஒரு இறாலில் அளவுக்கு மீறி ஏறும், பக்கத்து இறால் கறுக்கும். பச்சை இறாலின் சதையில் இந்த மருந்து விடும் கந்தக டையாக்சைடு 100 பிபிஎம்முக்கு (கிலோவுக்கு 100 மில்லிகிராம்) மேல் போகக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர வரம்பு. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தக் கரைசல் பக்கமே போக வேண்டாம்.

தலை ஆடுவது: ஐஸ் போட்டும் வெப்பம் இறங்கவில்லை, அல்லது ஏற்றி இறக்கும்போது கொட்டி மிதித்திருக்கிறார்கள்.

கணவாய் சிவப்பது: நேரமாகிவிட்டது, திரும்ப வழியில்லை. மை பரவியிருந்தால் அது வேறு. படகிலேயே கடல் தண்ணீரில் அலசிப் பிரித்திருந்தால் தப்பியிருக்கும்.

நண்டு லேசாக இருப்பது: சட்டை உரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர். வயிற்றுப் பக்கம் கால் தொடங்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் வாங்காதீர்கள். செத்து நேரமான நண்டின் சதை வெந்தபின் கூழாகப் பிரியும். உயிரோடு கொண்டுபோக ஈரச் சாக்கும் நிழலும் போதும். முட்டை நண்டைப் பல கம்பெனி எடுப்பதில்லை, கடலில் விட்டுவிடுவதே எல்லாருக்கும் நல்லது.

டீசல் வாடை: படகின் எஞ்சின் பக்கத்துத் தட்டு, அல்லது டீசல் கேன் ஏற்றிய வேன். ஆன்டிபயாடிக் இருக்கிறது என்று கழிப்பது கடல் பிடிப்பில் எப்படி வரும் என்று திகைக்க வேண்டாம். பண்ணை இறாலோடு ஒரே பெட்டியில் கலந்ததிலிருந்தும் வரும், கைப்புண்ணில் தடவிய மருந்திலிருந்தும் வரும். குளோராம்பெனிகால் போன்றவை ஏற்றுமதியில் அறவே கூடாது. புண் உள்ளவர் அன்றைக்குச் சரக்கில் கைவைக்காமல் கணக்கைப் பார்க்கட்டும்.

இதெல்லாம் நினைவில் நிற்காது. ஒரு நோட்டு வையுங்கள். ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: "புதன். பச்சை வரி இறால் 42 கிலோ. இறக்கியது 6.10. ஐஸ் போட்டது 7.00. ஐஸ் 25 கிலோ. டிப்போ 10.40, உள்வெப்பம் 6 டிகிரி. கழிவு 9 கிலோ, தலை கறுப்பு, இரண்டாம் கூடை அடி." இந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. ஐம்பது நிமிடம் ஐஸ் இல்லாமல் கிடந்திருக்கிறது, ஐஸும் முக்கால் அளவுகூட இல்லை. இதில் செக்கருக்குப் பங்கே கிடையாது. கழிவில்லாத நாளையும் எழுதுங்கள், ஒப்பிட அதுதான் வேண்டும்.

சம்மாட்டியிடம் எப்படிச் சொல்வது

கம்பெனியில் வாங்கிய திட்டை அப்படியே கரைக்குக் கொண்டுபோய்ச் சம்மாட்டி மேலோ, வலை பிரிக்கும் பெண்கள் மேலோ இறக்குவதில்தான் உறவுகள் முறிகின்றன. கம்பெனியோடு உள்ள பிணக்கு ஒரு வாரத்தில் ஆறும். கரையில் முறிந்தால் அந்த வல்லத்துச் சரக்கு அடுத்த வியாபாரிக்குப் போய்விடும், நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் நடுவில் தொங்கும்.

முன்கூட்டியே ஒரு விதி பேசிவைக்கலாம்: இறக்கிய பத்து நிமிடத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்து அடிமூலையைப் பார்ப்பது, அப்போது தெரிகிற குறை படகுக் கணக்கு, அதற்குப் பிறகு தெரிவது வியாபாரி கணக்கு. இதில் நீங்கள் சில நாள் நட்டப்படுவீர்கள். ஆனால் ஒவ்வொரு கழிவுக்கும் பஞ்சாயத்து வைக்கத் தேவையிருக்காது. படகிலேயே நடந்தது என்று பிறகு தெரிந்தால், பையில் கொண்டுவந்த அந்த நாலு இறாலைக் காட்டிப் பேசுங்கள். "அண்ணே, ஒங்க சரக்கு கழிஞ்சிருச்சு" என்று தொடங்காமல், "அண்ணே, இந்தத் தலையப் பாருங்க, செக்கர் வலையில நேரம் கெடந்ததுங்கிறார், ஒங்களுக்கு என்ன படுது" என்று கேளுங்கள். அன்றைக்குக் காற்று எப்படி, வலை எத்தனை மணி நேரம் கிடந்தது என்று அவரே சொல்வார். அடுத்த தடவை படகில் ஐஸ் கூட ஏற்றச் சொன்னால், அந்தக் கூடுதல் பாரின் விலையில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வது நல்லது. ஐஸின் பலன் உங்கள் கைக்குத்தானே வருகிறது.

நண்டு உரிக்கும் மேசையில்

வேகவைத்த நண்டிலிருந்து சதை எடுக்கும் கூடங்களில் கழிவு என்றால் பெரும்பாலும் ஓட்டுத் துண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் வேகம் கூடும், துண்டும் கூடும். இது வேலைசெய்யும் பெண்ணின் கவனக்குறைவு அல்ல, கூலி முறையின் விளைவு. மேற்பார்வையாளர் செய்ய வேண்டியது: கழிந்த டிரேயை அந்தப் பெண்ணிடம் தனியாகக் கொண்டுபோய், துண்டு எந்தப் பகுதிச் சதையில் வந்தது என்று காட்டுவது. முழு மேசைக்கும் கேட்கக் கத்தினால் மறுநாள் எல்லாருமே குறைவாக எடுப்பார்கள், அல்லது துண்டை மறைப்பார்கள். நேரத்தைக் குறித்துப் பாருங்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் துண்டு கூடுகிறது என்றால் விளக்கும் ஓய்வும்தான் மாற வேண்டும்.

உரிக்கிறவருக்கும் ஒரு வார்த்தை: டிரே கழிந்தால் எத்தனை கிராமுக்கு எத்தனை துண்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கூலி பிடித்தம் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்க. கழிவைச் சாக்காக வைத்து யாராவது தகாத முறையில் நெருங்கினால் அது தரப் பிரச்சினை இல்லை. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும்; அது இல்லாத இடத்தில் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

திரும்பிப் போவதும் விட்டுவிடுவதும்

கழிந்த பிறகு அடுத்த லோடு சின்னதாக, உங்கள் கையில் இருப்பதிலேயே சிறந்ததாகப் போகட்டும். போனிலேயே சொல்லுங்கள்: "போன தடவை ஐஸ் கொறஞ்சதுன்னு சொன்னீங்க சார். இன்னைக்கு ஒண்ணுக்கு ஒண்ணு போட்டிருக்கு, ஏத்தும்போது மூணு டிகிரி." எடுத்தாலும் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். தான் சொன்னது நடந்திருக்கிறது என்று பார்த்த ஆள் அடுத்த தடவை இன்னும் நுணுக்கமாகச் சொல்வார்.

ஒரே காரணத்துக்கு மூன்று தடவை கழிந்து, மூன்று தடவையும் நோட்டில் உங்கள் பக்கம் சரியாக இருந்தால், கொள்முதல் மேனேஜரைப் பாருங்கள். செக்கரைத் தாண்டிப் போவதை அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள். நோட்டை மட்டும் காட்டுங்கள், ஆளைப் பற்றிப் பேச வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால், எழுதி வாங்கிய தாளுக்கு மாறாகவே நடந்துகொண்டிருந்தால், அல்லது பணம் சொன்ன கிழமை தாண்டித் தாண்டிப் போனால், வேறு கம்பெனி பார்க்கலாம்.

மாறுவதற்கு முன்பே இரண்டாவது கம்பெனிக்குக் கொஞ்சம் சரக்குக் கொடுத்துப் பழகியிருப்பது நல்லது. ஒன்று இறாலுக்கு, ஒன்று நண்டுக்கு என்று ரகம் பிரித்தால் முதல் கம்பெனிக்கு உறுத்தாது. ஒரே ரகத்தை இரண்டுக்கும் கொடுத்தால், நல்லது அங்கே போகிறது மிச்சம் இங்கே வருகிறது என்ற பேச்சு ஒரே வாரத்தில் வந்துவிடும். கம்பெனியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் விஷயம் வேறு. அதில் கட்டுப்பட்டிருக்கும்வரை கழிவைப் பற்றி நிமிர்ந்து பேச முடியாது. ஒவ்வொரு பட்டுவாடாவிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கடனை அடைத்துவிட்டு, கணக்கு முடிந்தது என்று கையெழுத்தோடு சீட்டு வாங்கிய பிறகே புதிய கம்பெனிக்கு முதல் லோடை ஏற்றுங்கள்.